கழுதை அறியாத மணம்

ஒரு நாட்டு மக்கள் எதனைப் போற்றினர், எதனை இகழ்ந்தனர் என்பதை அவர்தம் பழமொழிகள் ஒளிக்காமல் காட்டிவிடும். பழமொழிகளில் வந்து போகும் விலங்குகளுள் கழுதையைப் போல் ஏச்சுக்கு ஆளானது வேறில்லை எனலாம். அந்த ஏச்சு மொழிக்கு மொழி எவ்வாறு வேறுபடுகிறது என்பதையும், ஒரு மொழியின் கழுதைக்கு மற்றொரு மொழியில் ஈடு காண்பது எப்படி என்பதையும் சற்று நோக்குவோம்.

இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரின் வடகிழக்கே உள்ள லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகள் அக்கம்பக்கத்தில் வழங்குகின்றன. தமிழர் 'கழுதை' என்பதைக் கன்னடர் 'கத்தெ' என்பர். தெலுங்கர் 'காடித' என்பர். மலையாளிகள் 'கழுத' என்பர். நான்கும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். தொல்காப்பியத்தின் மரபியல், யானை, குதிரை ஆகியவற்றின் இளமையைப் போலவே கழுதையின் இளமையையும் 'கன்று' என வழங்கலாம் என்று கூறுகிறது. இன்று நாம் 'கழுதைக்குட்டி' என்கிறோம்.

அருமை அறியாதவன் கையில் அரும்பொருள் ஒன்று சிக்கிவிட்டது என வைத்துக்கொள்வோம். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?' என்பார் தமிழர். கன்னடர் கற்பூரத்தை நீக்கிக் கஸ்தூரியை வைப்பர். தெலுங்கர் சந்தனத்தைச் சொல்வர். மலையாளிகளுக்குக் 'குங்குமம் சுமக்கும் கழுதை' உண்டு. உருது பேசுவோர் குங்குமப்பூவின் மதிப்பைக் கழுதை அறியுமா என்பர். கழுதை ஒன்றே, மணம் மட்டும் மாறுகிறது. தமக்கு எது உயர்ந்த மணமோ அதனைக் கழுதையின் மூக்கருகே கொண்டுபோய்ப் பிடித்திருக்கின்றனர்.

இவ்வுவமை மிகப் பழைமையானது. சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூல், பொருளுணராமல் நூல்களைக் கற்றவனைச் சந்தனம் சுமக்கும் கழுதைக்கு ஒப்பிடுகிறது. அது சுமையை அறியும், மணத்தை அறியாது என்பது கருத்து. ஆங்கே கழுதை சுமப்பதும் கூறப்படுகிறது. நம் தமிழ்ப் பழமொழியிலோ சுமை மறைந்து, அறியாமை மட்டும் எஞ்சி நிற்கிறது.

இனிக் கடல் கடந்து ஸ்பெயின் நாட்டுக்குச் செல்வோம். ஸ்பானிய மொழியில் கழுதைக்கு 'ஆஸ்னோ', 'பூர்ரோ' என இரு பெயர்கள் உண்டு. 'தேன் கழுதையின் வாய்க்காக உண்டானதன்று' என்பது அம்மொழிப் பழமொழி. செர்வாந்தெஸ் எழுதிய 'தோன் கிகோத்தே' நாவலின் முதற்பகுதி 1605இல் வெளிவந்தது. அதில் சாஞ்சோ பான்சா தன் மனைவியிடம் இதனைக் கூறுகிறான். அவனோ தன் கழுதையைக் கண்மணியாய்ப் போற்றுபவன்! ஆங்கிலேயரிடம் இக்கருத்தைச் சொல்லக் கழுதை பயன்படாது. 'பன்றிகளின் முன் முத்துக்களை எறியாதே' என்ற விவிலிய வாக்கையே அவர்கள் எடுத்தாள்வர். கழுதை பன்றியாயிற்று, தேன் முத்தாயிற்று, கருத்து மட்டும் மாறவில்லை.

ஆதலின் மொழிபெயர்ப்போர் விலங்கைத் தேடிச் செல்லலாகாது. கருத்தைத் தேடிச் செல்ல வேண்டும். விலங்கைத் தேடினால் இடறி விழ நேரும். ஸ்பானியர் ஒருவனைப் பார்த்துக் 'கழுதையை விட்டு இறங்கமாட்டான்' என்றால், தன் பிழையை ஒப்புக்கொள்ளாமல் சாதிப்பவன் என்று பொருள். ஆங்கிலத்தில் 'உயரக் குதிரையை விட்டு இறங்கு' என்றொரு தொடர் உண்டு. இரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றினும், ஆங்கிலத் தொடர் செருக்கைக் கடிகிறது. ஸ்பானியத் தொடர் பிடிவாதத்தைக் கடிகிறது. தமிழில் இப்பிடிவாதக்காரனுக்குக் கழுதையும் இல்லை, குதிரையும் இல்லை. 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்பவன் அவன்.

மெக்சிகோவில் வழங்கும் ஸ்பானிய மொழியில் 'காதைப் பற்றிக் கழுதை பேசுகிறது' என்பர். தன் குறையை மறந்து பிறர் குறையை எள்ளுபவனைச் சுட்டும் மொழி இது. ஆங்கிலேயர் இதற்குக் கெண்டியைக் கரியென்று பழிக்கும் பானையைக் காட்டுவர். நம்மிடம் ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை இருக்கிறது. மிகுதியாக உழைப்பவனை ஸ்பானியர் 'கழுதையைப் போல் உழைக்கிறான்' என்பர். சலிப்பூட்டும் கடும்பணியை ஆங்கிலேயர் 'கழுதை வேலை' என்றும், கன்னடர் 'கத்தெ சாக்கரி' என்றும் கூறுவர். தமிழரோ 'மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தான்' என்று அந்தப் பெருமையை மாட்டுக்குக் கொடுத்துவிட்டனர்.

இது நேர்மையா என்று கேட்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைகளைக் காட்டுகிறது. வணிகரின் செல்வம் அவற்றின் முதுகிலும் ஏறிச் சென்றது. பின்னாளில் சலவைத் துறைகளிலும், மலைப்பாதைகளிலும், செங்கற் சூளைகளிலும் அவை சுமந்த சுமைக்கு அளவில்லை. ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸ், 'பிளாத்தெரோ' என்ற சிறு கழுதையைத் தோழனாக்கி ஒரு நூலே எழுதினார். அது 1914இல் முதலில் வெளிவந்தது. 1956இல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

நம் நாட்டில் இன்று கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி வருகிறது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறத்தாழ 3.2 இலட்சம் கழுதைகள் இருந்தன. 2019இல் அவை 1.2 இலட்சமாகக் குறைந்தன. சுமைகளை வண்டிகள் ஏற்றுக்கொண்டன. பெங்களூர்த் தெருக்களில் பாலாடையளவு கழுதைப்பாலை விலைகூறி விற்போருடன் வரும் கழுதையைக் காண்பதே பல சிறுவர்க்கு அரிய காட்சி.

கழுதையைக் காணாத குழந்தைக்குப் பழமொழி வெறும் வசையாகவே எஞ்சும். ஆகவே வீட்டில் இவ்வாறு ஒரு மொழியைச் சொல்ல நேரும்போது, அவ்விலங்கு சுமந்த சுமையையும் சேர்த்துச் சொல்வோம். அண்டை வீட்டார் அதனைத் தம் மொழியில் எவ்வாறு சொல்வர் என்றும் கேட்டு அறிவோம். கற்பூரமும் கஸ்தூரியும் சந்தனமும் ஒரே தெருவில் மணக்கும்போது, அம்மணங்களை அறியாதிருத்தல் நமக்கு அழகாகாது.