கண்ணாடி ஓரத்துத் துரு

பிரிட்டனில் பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன் ஒன்றை விலைபேசப் போகிறவர், விஷயம் தெரிந்தவராக இருந்தால், எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதற்கு முன் முன்கண்ணாடியின் கீழ் மூலைக்குத்தான் போவார். கண்ணாடியைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பரின் ஓரத்தில் பெயின்ட் கடுகளவு கொப்பளித்திருந்தாலும் போதும், அவர் முகம் மாறிவிடும். விற்பவர் "மேல் துருதாங்க, தேய்ச்சா போயிடும்" என்கிற ரீதியில் ஏதாவது சொல்வார். வாங்க வந்தவர் நம்பமாட்டார். அவர் நம்பாததற்கு வேதியியல் சாட்சி சொல்லும்.

அந்த வண்டியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ரொட்டித் துண்டுபோல உடம்பு, மூக்கில் பெரிய வட்டச் சின்னம், பின்புறத்தில் எஞ்சின். டச்சு இறக்குமதியாளர் பென் பான் 1947 ஏப்ரலில் தன் குறிப்பேட்டில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்தது. 1950இல் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. 1956இல் ஹானோவருக்கு மாறியது. முதல் தலைமுறை வண்டிக்கு முன்கண்ணாடி இரண்டு துண்டு. 1967இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு ஒரே பெரிய வளைந்த கண்ணாடி. அதில் கட்டிலும் அடுப்பும் பொருத்திக் குடும்பத்தோடு கடற்கரை கடற்கரையாகச் சுற்றினார்கள். கடற்கரை என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தக் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. வண்டியின் தகடு, கண்ணாடி அமரும் திறப்பைச் சுற்றி ஓர் உதடுபோல நீண்டிருக்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் பீடிங் என்று சொல்லும் ரப்பர் பட்டையில் இரண்டு காடிகள் உண்டு. ஒன்றில் கண்ணாடி உட்காரும், மற்றொன்று தகட்டு உதட்டைக் கவ்விக்கொள்ளும். மாட்டுகிற வித்தை பார்க்க அழகாக இருக்கும். ரப்பரைக் கண்ணாடிக்கு அணிவித்து, மற்ற காடிக்குள் சுற்றிலும் ஒரு கயிற்றைப் பதிப்பார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே நிற்பவர் கண்ணாடியை அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல உருவுவார். கயிறு வர வர ரப்பர் விளிம்பு தகட்டைத் தாண்டி உட்பக்கம் மடங்கி விழும். கயிறு முழுக்கக் கைக்கு வரும்போது கண்ணாடி இடத்தில் இருக்கும்.

ரப்பர் இளமையாக இருக்கும்வரை எல்லாம் சுகம். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டுப் பட்டு அது இறுகி, சுருங்கி, வெடிப்பு விடும். தகட்டுக்கும் ரப்பருக்கும் இடையே மயிரிழை இடுக்கு உண்டாகும். மழைநீர் அதற்குள் தானே இழுபட்டு ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விசையால்தான். ஏறிய நீர் இறங்கி வெளியே வர வழியில்லை. வண்டியின் மற்ற இடங்கள் மழை நின்ற சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். ரப்பரின் அடியில் நாள்கணக்கில் ஈரம் நிற்கும். தண்ணீரை வெளியே நிறுத்த வைத்த காவலாளி, உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறான்.

இங்கேதான் நம் பொதுப்புத்தி சறுக்குகிறது. துருவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் காற்று நன்றாகப் படுகிற இடம்தானே முதலில் அரிக்க வேண்டும்? ரப்பருக்கு அடியில் காற்றே புகாதே!

கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த யூலிக் எவன்ஸ், 1920களில் ஒரு சொட்டு உப்புநீரை வைத்து இதற்குப் பதில் சொன்னார். மெருகேற்றிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீர். அதில் இரண்டு காட்டிகள்: இரும்பு கரைந்தால் நீலம் காட்டும் ஒன்று, காரம் உண்டானால் இளஞ்சிவப்பு காட்டும் மற்றொன்று. சற்று நேரத்தில் துளியின் நடுவே நீலமும் விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பும் தெரியும். துளியின் விளிம்பு மெல்லியது. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் அங்கே தாராளமாகக் கரையும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்ஸிஜன் பஞ்சம். கரைந்தது அந்தப் பஞ்சப்பட்ட நடுப்பகுதி! இரும்பு அங்கே எலக்ட்ரான்களை இழந்து நீருக்குள் இறங்குகிறது. எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாக விளிம்புக்கு ஓடி, அங்குள்ள ஆக்ஸிஜனுக்குத் தீனியாகின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் முழு மின்கலமாக மாறிவிடுகிறது. கரைந்த இரும்பும் விளிம்பின் காரமும் சந்திக்கும் நடுவழியில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது.

ஆக, தின்னப்படுவது ஓரிடம். துரு தெரிவது வேறிடம். வேனின் ரப்பர் ஓரத்தில் கண்ட கடுகளவுக் கொப்புளத்தை இப்போது மறுபடி பாருங்கள். அது காற்றுள்ள விளிம்பு. தகடு கரைந்துகொண்டிருப்பது ரப்பருக்கு உள்ளே, கண்ணுக்கு எட்டாத இருட்டில்.

இதோடு உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைப் பனி உருகக் கல்லுப்பைத் தூவுகிறார்கள். செஷயரின் வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுப்பதே அதில் பெரும்பங்கு. சக்கரம் தெறிக்கும் உப்புநீரும் கடற்காற்றும் இடுக்குக்குள் குளோரைடைக் கொண்டுசேர்க்கின்றன. உள்ளே கரைந்த இரும்பு நேர்மின்னூட்டம் கொண்டது. அதைச் சமன்செய்யக் குளோரைடு இன்னும் இன்னும் உள்ளே இழுபடுகிறது. பிறகு இரும்புக் குளோரைடு நீரோடு வினைபுரிந்து அமிலம் உண்டாகிறது. அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. இந்தச் சுழற்சியில் குளோரைடு செலவாவதே இல்லை. வெளியே பெய்வது சாதாரண மழைதான். இடுக்கில் தேங்கி நிற்பதோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

வேனில் தூங்குகிறவர்களும் பங்களிக்கிறார்கள். இரவெல்லாம் விடும் மூச்சும், அடுப்பில் கொதித்த தேநீரின் ஆவியும் குளிர்ந்த கண்ணாடியில் வியர்த்து, வழிந்து, அதே கீழ் உதட்டில் போய் நிற்கின்றன. கலிஃபோர்னியாவின் வறண்ட காற்றில் ஓடிய வேன்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து விற்பது ஒரு தனி வியாபாரமாகவே வளர்ந்தது இதனால்தான். பெயின்ட் வெளுத்திருக்கும், இருக்கை கிழிந்திருக்கும். தகடு மட்டும் உறுதியாக இருக்கும்.

துரு இடத்தையும் அடைக்கும். கரைந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல், நீரேறிய வடிவங்களில் ஆறு மடங்குவரை பருத்துவிடும். அந்த வீக்கம் பெயின்ட்டைத் தூக்குகிறது, ரப்பரைத் தள்ளுகிறது, இடுக்கு அகலமாகி இன்னும் தண்ணீர் வருகிறது.

கண்ணாடியைக் கழற்றாமல் இதற்கு வைத்தியம் கிடையாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை. ரப்பர் ஓரத்தில் சிலிக்கோன் பசையைப் பிதுக்கி அடைக்கிறவர்கள் நிறைய. புளித்த காடி வாசம் வீசும் சிலிக்கோன் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. துருவேறிய இரும்புக்கு அமிலம் தடவி மூடிவைப்பது வைத்தியமா! பட்டி பூசி மறைப்பதும் இதற்குச் சளைத்ததல்ல.

கண்ணாடியை எடுத்தபின் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் உலோகம் வரும்வரை சுரண்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்து புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும். குழிகளில் ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு மட்டும் துரு மாற்றித் திரவங்கள் உதவும். அவற்றில் பல டானிக் அமிலம் கொண்டவை. தடவியதும் பழுப்புத் துரு கருநீலமாக மாறும். உண்டாவது இரும்பு டானேட் என்ற உறுதியான சேர்மம். இதை நம் முன்னோர் நன்றாக அறிவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் டானின்தான். அதோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்து அவர்கள் காய்ச்சிய கறுப்பு மையும் இதே குடும்பம். தாளில் எழுத்தாக நின்றது, வேனில் கவசமாக நிற்கிறது.

அதன்மேல் எபாக்ஸி பிரைமர், பிறகு பெயின்ட். தகட்டு உதட்டின் வெட்டு முனையில் ஒன்றுக்கு இரண்டு முறை பூசுங்கள். கூர்மையான விளிம்பில் பெயின்ட் நிற்காமல் விலகி, மெலிந்துபோகும். முழுக்க இறுகும்வரை சில நாள் பொறுத்து, புது ரப்பர் வாங்கி, கயிற்றைப் பதித்து இழுங்கள். பழைய ரப்பரையே மறுபடி மாட்டிச் சில பவுண்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.