ஒன்று நின்றால் எத்தனை நிற்கும்? கள்ளக்குறிச்சி ஜமாஅத்கள் போட வேண்டிய கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற, தென்பெண்ணை பெருக்கெடுத்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்கள் தத்தளித்தன. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை வெள்ளம் மூழ்கடித்துப் போக்குவரத்தை நிறுத்தியது.

சாலை நின்றால் பால், மருந்து, டீசல் எல்லாம் நிற்கும். மின்சாரம், குடிநீர், செல்போன், மருத்துவமனை ஆகியவை தனித்தனித் துறைகள். ஆனால் ஒன்றின் தோளில் மற்றொன்று நிற்கிறது. 2012 ஜூலை இறுதியில் வட இந்திய மின்தொகுப்பு செயலிழந்தபோது, ரயில்களும் நடுவழியில் நின்றன.

ரினால்டி உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் இந்தச் சார்பை நான்காகப் பிரித்தனர். ஒன்று தரும் பொருள் இன்னொன்றுக்குத் தேவைப்படுவது, மின்சாரமும் மோட்டாரும் போல. தகவல் தொடர்பை நம்பியிருப்பது. ஒரே இடத்தில் இருப்பதால் சேர்ந்தே பாதிக்கப்படுவது, பாலமும் அதன் மேல் செல்லும் குடிநீர்க் குழாயும் போல. சட்டம், பணம், மனித முடிவுகளால் பிணைந்திருப்பது.

கல்வராயன் மலையில் இதைப் பொருத்திப் பாருங்கள். மலைப்பாதையில் மண் சரிந்து மின்கம்பம் சாய்ந்தால், செல்போன் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். பிறகு டீசல் வேண்டும். அதுவும் அதே பாதையில்தான் ஏற வேண்டும். டவர் அணைந்தால் 108ஐ அழைக்க வழியில்லை. அழைத்தாலும் ஆம்புலன்ஸ் வர அதே பாதைதான். ஆக, மூன்று ஏற்பாடுகள் இருந்தும் முடிச்சு ஒன்றுதான்.

"பள்ளிவாசலில் ஜெனரேட்டர் இருக்கிறதே" என்று நிம்மதி அடைய முடியாது. பங்க்கில் டீசல் போடும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். ஒரே காரணத்தால் சேர்ந்து நின்றுவிடுவது மாற்று ஏற்பாடு ஆகாது.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு தாளில் எழுதட்டும்: நமக்கு அவசியமானவை எவை? ஒவ்வொன்றும் எதை நம்பியுள்ளது? அது நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும்? அதிக அம்புக்குறிகள் வந்து சேரும் இடமே முதலில் கவனிக்க வேண்டிய இடம். டயாலிசிஸ் நோயாளிகள், கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளையும் மதம் பாராமல் குறித்து வைக்கட்டும்.

வரவிருந்த பஞ்சத்துக்காக ஏழாண்டு முன்பே தானியம் சேமிக்க வழி சொன்னவர்கள் நபி யூசுஃப் (அலை). திட்டமிடுவது தவக்குலுக்கு முரணானதல்ல. அடுத்த பருவமழைக்குள் இந்தக் கணக்கை முடிப்போம், இன்ஷா அல்லாஹ்.