உறை கழற்றிய ஹீமோகுளோபின்

ரத்த வங்கியில் சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும். குரூப் பொருந்த வேண்டும், கிருமிப் பரிசோதனை முடிய வேண்டும், குளிர் குறையாமல் கொண்டுபோக வேண்டும். இந்தக் கட்டுகளிலிருந்து விடுபடும் முயற்சியே செயற்கை ரத்தம். ரத்தத்தின் எல்லா வேலைகளையும் அது செய்யாது. ஆக்சிஜனைச் சுமந்தால் போதும்.

1966-ல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும் சுண்டெலிகளைப் பெர்ஃப்ளூரோகார்பன் திரவத்தில் முழுக்க அமிழ்த்தினார்கள். திரவம் நுரையீரலை நிரப்பியும் அவை சாகவில்லை. திரவத்தில் ஏற்றியிருந்த ஆக்சிஜனையே சுவாசித்துக்கொண்டிருந்தன. இத்திரவம் ரத்தத்தோடு கலக்காது என்பதால், நுண்துளிகளாக உடைத்துப் பால்போல ஆக்கித்தான் நரம்பில் ஏற்ற முடியும். ஜப்பானில் அப்படித் தயாரான ஃபுளூசால், 1989-ல் இதயக் குழாய் அடைப்பை பலூனால் விரிக்கும் சிகிச்சைக்கு மட்டும் அமெரிக்க அனுமதி பெற்றது. உறையவைத்துச் சேமித்து, உருக்கி, கலந்து கொடுக்கும் சிரமத்தோடு 1994 வரைதான் அது நீடித்தது.

இன்னொரு வழி, ஹீமோகுளோபினையே சிவப்பணுவிலிருந்து பிரித்து ஏற்றுவது. குரூப்பைக் காட்டும் அடையாளங்கள் அணுவின் மேல்சவ்வில் இருப்பதால், சவ்வை நீக்கினால் குரூப் பார்க்க வேண்டியதில்லை. மாட்டு ரத்தத்திலிருந்துகூட எடுக்கலாம். ஆனால் அந்தச் சவ்வு எவ்வளவு காத்துவந்தது என்பது அதைக் கழற்றிய பிறகே புரிந்தது. நான்கு துண்டுகள் சேர்ந்த ஹீமோகுளோபின் வெளியே வந்ததும் இரண்டிரண்டாகப் பிரிந்து சிறுநீரகத்தைக் கெடுத்தது. வேதிப்பிணைப்பு போட்டு அதைத் தடுத்தார்கள். அடுத்த சிக்கல் இன்னும் கடுமையானது. ரத்தக் குழாய்களைத் தளர்த்திவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை, சவ்வில்லாத ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது. குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது.

ஹெம்அசிஸ்ட் என்ற தயாரிப்பைப் பலத்த காயத்தால் அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களுக்கு அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பெற்ற 52 பேரில் 24 பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். உப்புநீர் பெற்ற 46 பேரில் இறந்தவர்கள் 8 பேர். 1998-ல் அந்தச் சோதனை பாதியில் நின்றது. மாட்டு ஹீமோகுளோபினால் ஆன ஹெமோப்யூருக்குத் தென்னாப்பிரிக்கா 2001-ல் அனுமதி தந்தது. ஆனால் இவ்வகைத் தயாரிப்புகளின் 16 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த 2008-ம் ஆண்டுக் கட்டுரை, மாரடைப்பும் மரணமும் கூடுவதாகக் காட்டியது.

கழற்றிய உறையை இப்போது திரும்பப் போடுகிறார்கள். ஜப்பானில் ஹீமோகுளோபினைக் கொழுப்புச் சவ்வால் ஆன மிகச்சிறு குமிழ்களில் அடைக்கிறார்கள். பிரிட்டனில் தானம் பெற்ற ரத்தத்தின் குருத்தணுக்களிலிருந்து முழுச் சிவப்பணுவையே வளர்த்து, 2022-ல் முதன்முறையாக மனிதர்களுக்கு ஏற்றியதாக அறிவித்தார்கள். ஏற்றிய அளவு ஒன்றிரண்டு தேக்கரண்டி. இந்தியாவில் ஒருவர் ஒருமுறை தானம் தருவது குறைந்தது 350 மில்லி.