இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது?

காஷ்மீரில் சோபூர், ஷோபியான் பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரர்களுக்கு ஏப்ரல், மே மழை என்றால் கவலைதான். மரம் துளிர்த்துப் பூக்கிற அந்த நேரத்து மழையில்தான் சொறி நோய் தொற்றுகிறது. பள்ளத்தாக்கில் 1973இல் அது கொள்ளைநோயாகப் பரவியது. 1983இல் இமாசலப் பிரதேசத்தில் சொறி பிடித்த பழங்களை அழிக்கவே வேண்டியதாயிற்று.

காரணம் வென்டூரியா இனீக்வாலிஸ் என்ற பூஞ்சை. பனிக்காலம் முழுக்க உதிர்ந்த இலைச்சருகுக்குள் கிடக்கும். வசந்தத்தில் மழை நனைத்ததும் அதன் வித்துகள் கிளம்பிக் காற்றில் ஏறி இளந்தளிரில் ஒட்டும். சில நாள் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்தால், வெல்வெட் ஒட்டியதுபோல் கரும்பச்சைப் புள்ளி தெரியும். காயில் அதே புள்ளி கறுத்துத் தக்கையாகிவிடும். காய் பருக்கும்போது அந்த இடம் மட்டும் வளராது. ஒரு பக்கம் கோணி, சில சமயம் வெடித்தும் போகும்.

ஒட்டிய வித்தெல்லாம் தொற்றிவிடாது. இலை தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டு 1940களில் அட்டவணை போட்டவர் நியூயார்க் மாநிலத்தில் ஆய்வு செய்த மில்ஸ். 20 டிகிரி செல்சியஸில் சுமார் 9 மணி நேரம், 10 டிகிரியில் சுமார் 14 மணி நேரம் என்பது அவர் கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த நேரத்தை இன்னும் குறைத்தன. ஆப்பிள் விவசாயத்துக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கணக்கு இதுதான் என்பேன். தேதி பார்த்து மருந்து அடிப்பதைவிட, இலை ஈரத்தையும் வெப்பத்தையும் பார்த்து அடித்தால் மருந்தும் மிச்சம், பழமும் தப்பும். ஒரே மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதைவிட மலிவான வேலை இலையுதிர் காலத்தில் இருக்கிறது. இலை உதிரும் தறுவாயில் 5 சதவீத யூரியாக் கரைசல் தெளித்தால் சருகு சீக்கிரம் மக்கும். அடுத்த வசந்தத்துக்கான வித்துகள் வெகுவாகக் குறையும்.

பூச்சிக்கு மருந்து அடிப்பதிலும் அவசரம் ஆகாது. கிளையில் பஞ்சு அப்பியதாகத் தெரியும் கம்பளி அசுவினிக்குள் முட்டையிட, அஃபெலினஸ் மாலி என்ற சுமார் 1 மில்லிமீட்டர் குளவி இருக்கிறது. கறுத்து, முதுகில் வட்டத் துளையோடு கிடக்கும் அசுவினிகளைக் கண்டால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்போது கடும் பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

சந்தையில் சிறு கரும்புள்ளி உள்ள ஆப்பிளைக் கண்டால் ஒதுக்கிவிடாதீர்கள். வெடிப்போ அழுகலோ இல்லையென்றால் சொறிப் புள்ளியால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. அந்த இடத்தைச் சீவிவிட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம்.