கறுப்பு கார்ல வெயில் காட்டிக்கொடுத்த கோடுகள்

அண்ணனோட கறுப்பு காரை பாலிஷ் போட்டு எடுத்துட்டு வந்தோம். கடைக்குள்ள கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ரெண்டு தடவை கழுவினதும், அண்ணாமலை நகர் வீட்டு வாசல் வெயில்ல பார்த்தா பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கோடு! கடையில "இன்னொரு தடவை மெஷின் போட்டுடலாம்"னாங்க. நான் வேண்டாம்னுட்டேன்.

ஏன்னா, கோடு விழுந்திருக்கிறது கறுப்பு நிறத்துல இல்ல, அதுக்கு மேல இருக்கிற கிளியர் கோட்டுல. பெரும்பாலான கார்கள்ல அது சுமார் 40-50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஒவ்வொரு பாலிஷும் அதைக் கொஞ்சம் தேய்ச்சு எடுக்குது. போனது திரும்ப வராது. ரோட்டரி மெஷின்ல கம்பளி பேட் போட்டு அழுத்தினா இந்தக் கோடு விழும். பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் அதை மறைச்சிடும். கழுவக் கழுவ வெளிய வந்துடும். வெள்ளைக் கார்லயும் இதே கதைதான், கண்ணுக்குத் தெரியாது.

காலையில நிழல்ல நிறுத்தி, ஷாம்பு போட்டுக் கழுவினோம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தண்ணி கலந்து, மைக்ரோஃபைபர் துணியால துடைச்சோம். எண்ணெய் போனதும், போன் டார்ச்ல நிஜ நிலவரம் தெரிஞ்சது. அப்புறம் டூயல் ஆக்‌ஷன் மெஷின், மெத்துன்னு ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ். முதல்ல ஒரு அடி இடத்துல மட்டும் போட்டு, மறுபடி துடைச்சுப் பார்த்தேன். கோடு இல்ல. அதுக்கப்புறம்தான் மத்த இடம். ரப்பர் ஓரத்துல காய்ஞ்சிருந்த வெள்ளைப் பொடிக்கு ஈரத் துணியும் பழைய டூத் பிரஷும் போதும். பெயின்ட் மேல பிரஷ் படக் கூடாது.

கதவுல நகம் மாட்டுற அளவுக்கு ரெண்டு கீறல் இருக்கு. அதைத் தொடல.