கதவைத் திறந்ததுமே முடிந்துவிடும் நேர்முகத் தேர்வு

திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் ஒருநாள் நடந்து பாருங்கள். பௌர்ணமிக் கிரிவலத்திற்கு வரும் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் கடைகளும் விடுதிகளும் நிறைந்த ஊர் அது. 'ஆட்கள் தேவை' அட்டைகளுக்கு அங்கே பஞ்சமிராது. கணக்கெழுத ஆண், துணி எடுத்துக் காட்டப் பெண், அதிலும் மணமாகாத பெண் என்று, வேலை இன்னதென்று கூறுமுன்பே ஆள் இன்னாரென்று முடிவு கட்டிவிடும் அட்டைகளை நீங்களும் எத்தனையோ ஊர்களில் கண்டிருப்பீர்கள். படித்துவிட்டு நகர்ந்தும் இருப்பீர்கள்.

சிறு கடைகளின் பழக்கம்தானே என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் நிறுவனம் செய்தி வெளியிட்டது. பாகுபாடு ஏதுமில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகமோ தமிழக அரசிடம் அறிக்கை கோரியது. ஆளெடுப்பதில் ஆண், பெண் என்ற பேதம் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே கூறியிருந்தது என்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, எழுபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வரலாற்றைக் கேளுங்கள். இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி அன்னா ராஜம். 1951ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்தவர். எழுத்துத் தேர்வில் வென்று நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது குழுவினர் அவருடைய அறிவைக் குறை கூறவில்லை. வெளிநாட்டுப் பணி முதலியவையே பெண்களுக்கு ஏற்றவை, அவற்றை எடுத்துக்கொள்ளும் என்று அறிவுரை கூறினர். அவர் இணங்கவில்லை, சென்னை மாகாணத்தையே கேட்டுப் பெற்றார். நியமன ஆணையிலோ, திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்றொரு நிபந்தனை! உடன் தேர்வான ஆண்களுக்கு அப்படியொரு வரி எழுதப்பட்டதா என்ன? (பின்னர் அவ்விதி மாற்றப்பட்டது.)

முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கும் தயக்கம் இருந்தது. மாவட்டப் பொறுப்பு வேண்டாம், தலைமைச் செயலகத்தில் அமரட்டும் என்று கருதினார். குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் பயின்றவள் நான், ஆண்களுக்குச் சமமாகப் பணியாற்றுவேன் என்று அன்னா ராஜம் வாதிட்டார். இறுதியில் ஓசூரில் சப் கலெக்டரானார். பிற்காலத்தில் அதே ராஜாஜி பொதுமேடையில் அவரை முன்மாதிரியாக எடுத்துக் கூறினார். வேலையைக் கண்ட பிறகு கருத்து மாறியது. வேலையைக் காணுமுன் கொண்ட கருத்துக்கு ஆதாரம் எது?

1980இல் ஜெர்மனியின் மியூனிக் இசைக்குழு, வாசிப்பவர் முகம் தெரியாதவாறு திரையிட்டுத் தேர்வு நடத்தியது. டிராம்போன் என்னும் ஊதுகருவியை மிகச் சிறப்பாக வாசித்தவரைத் தேர்ந்தெடுத்துத் திரையை விலக்கினால், வந்து நின்றவர் ஒரு பெண்! ஆபி கோனன்ட் என்னும் அப்பெண்மணி, பெற்ற இடத்தைக் காத்துக்கொள்ளப் பல்லாண்டுகள் வழக்காட நேர்ந்தது தனிக்கதை.

நம் இல்லங்களுக்கு இன்னும் நெருக்கமானது சமந்தா எலாஃப் என்னும் முஸ்லிம் பெண்ணின் வழக்கு. 2008இல் அமெரிக்காவின் டல்சா நகரில், பதினேழு வயதில், அபர்குரோம்பி துணிக்கடை வேலைக்குத் தலைத்துணி அணிந்தவாறே சென்றார். நேர்காணல் நடத்தியவர் அவரைத் தகுதியுடையவர் என்றே மதிப்பிட்டார். ஆயினும் அந்தத் தலைத்துணி கடையின் 'தோற்ற விதி'க்குப் பொருந்தாது என மேலதிகாரி கூறிவிட, வேலை மறுக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2015 ஜூன் 1 அன்று 8 நீதிபதிகள் எலாஃப் பக்கமும் ஒருவர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பளித்தனர். 'என் மார்க்கம் இதைக் கோருகிறது' என்று விண்ணப்பித்தவர் வாய் திறந்து கூறவில்லை என்பது நிறுவனத்துக்கு உதவவில்லை.

இத்தீர்ப்பைப் படித்து மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். ஆனால், நம்மவர் நடத்தும் பள்ளி ஒன்றின் ஆசிரியர் தேர்வுக் குழுவில் நானே அமர்ந்திருந்த நாளும் நினைவுக்கு வந்தது. உரத்த குரலில் ஸலாம் கூறி, நிமிர்ந்து அமர்ந்த இளைஞரிடம் பாடத்தைப் பற்றிக் கேட்டோம். மெல்லிய குரலில் பேசிய சகோதரியிடமோ, "நிக்காஹ் எப்போதம்மா? மாப்பிள்ளை வெளியூர் என்றால் வேலையை விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டோம். கேட்டவர்களில் நானும் உண்டு. பாடத்தைப் பற்றி அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்ட நினைவில்லை. இளைஞருக்கு வேலை கிடைத்தது. அவர் அடுத்த கல்வியாண்டிலேயே வளைகுடாவுக்குப் பறந்துவிட்டார்!

கடை, பள்ளி, மருந்தகம் என்று ஏதேனும் நடத்தும் வாசகர்களே! அடுத்த முறை ஆளெடுக்கையில் கேள்விகளை முன்னதாகவே தாளில் எழுதிக்கொண்டு, வருவோர் அனைவரிடமும் அவற்றையே கேளுங்கள். கணக்கருக்குக் கணக்கையும் ஆசிரியருக்கு ஒரு வகுப்பையும் முதலில் கொடுத்துப் பாருங்கள். விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். ஒவ்வொருவரும் தத்தம் மதிப்பெண்ணை எழுதி முடித்த பின்னரே குழுவினர் கூடிப் பேசுங்கள். மகளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்துச் செல்லும் அத்தாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உள்ளே அவளுக்காக நீங்கள் பதில் கூறாதீர்கள். வெளியே திண்ணையில் அமர்ந்து காத்திருங்கள்.