மின்சாரக் காரும் நம் வீட்டு மின்கம்பியும்



தோட்டத்திலிருந்து பட்டணத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இப்பொழுது மின்சாரக் காரைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதிலும் எஸ்.யு.வி. என்னும் உயரமான வகைதான் வேண்டும் என்கிறார்கள். வாங்குவது பிள்ளையாக இருந்தாலும், முன்பணத்திற்குச் சேமிப்பை எடுத்துக் கொடுப்பதும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் பல குடும்பங்களில் பெற்றோர்தாம். ஆகவே இந்தக் கார்களை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை நீங்களும் தெரிந்துகொள்வது அவசியம்.

நம் நாட்டில் அதிகம் பேசப்படும் சில கார்களை எடுத்துக்கொள்வோம். பி.ஒய்.டி. நிறுவனத்தின் ஆட்டோ 3, 2022 டிசம்பரில் இங்கு வந்தது. புரோட்டோன் நிறுவனத்தின் இ.மாஸ் 7, 2024 டிசம்பரில் வெளிவந்தது. அதன் அறிமுக விலை, முதலில் பதிந்தவர்களுக்கான தள்ளுபடி நீங்கலாக, சிறிய பேட்டரிக்கு 109,800 வெள்ளி, பெரிய பேட்டரிக்கு 123,800 வெள்ளி. பெரோடுவா நிறுவனத்தின் கியூ.வி.-இ 2025 டிசம்பரில் 80,000 வெள்ளி விலையில் வந்தது. இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அந்த 80,000 வெள்ளியில் பேட்டரி சேராது. பேட்டரிக்கு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். வீட்டை விலைக்கு வாங்கிவிட்டுக் கூரைக்கு மட்டும் வாடகை கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் விலையை ஒப்பிடும்போது அந்த வாடகையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கு. விற்பனையாளர் முதலில் காட்டும் எண் இதுவாகத்தான் இருக்கும். ஆட்டோ 3 காரின் பெரிய பேட்டரிக்கு 480 கிலோமீட்டர் என்றும் எழுதியிருப்பார்கள், 420 கிலோமீட்டர் என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் பொய்யல்ல. முன்னது என்.இ.டி.சி. என்ற பழைய சோதனை முறை, பின்னது டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய, கடுமையான முறை. இ.மாஸ் 7 பெரிய பேட்டரிக்குச் சொல்லப்படும் 410 கிலோமீட்டர் புதிய முறைப்படி அளந்தது. கியூ.வி.-இ காருக்குச் சொல்லப்படும் 445 பழைய முறைப்படி அளந்தது. ஆகவே 445தான் பெரிது என்று முடிவுகட்டுவது, ஒருவர் ராத்தலிலும் இன்னொருவர் கிலோவிலும் நிறுத்துச் சொன்னதை அப்படியே ஒப்பிடுவது போலாகும். ஐந்து பேர் ஏறி, குளிர்சாதனத்தைப் போட்டு, நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போனால் புதிய முறையின் எண்ணும் குறையும். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சிறிய பேட்டரிக் காரில் தைப்பூசத்துக்குப் பினாங்கு போவதென்றால் வழியில் ஒரு முறை நிறுத்தியாக வேண்டும். திருநாள் காலத்தில் சார்ஜ் நிலையத்தில் வரிசை நிற்கும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கார்களுக்குள் உள்ள வேறுபாட்டைவிட, சார்ஜ் ஏற்றும் இடத்தால் வரும் வேறுபாடு பெரியது. கணக்குப் போட்டே பார்ப்போம். இத்தகைய கார் 100 கிலோமீட்டர் ஓட, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 18 யூனிட். 2025 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் என்றால், ஒரு யூனிட் 44 காசு. ஆக 8 வெள்ளி. அதே அளவு பெட்ரோல் கார் ஏழரை லிட்டர் குடிக்கும். 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு வைத்த 1 வெள்ளி 99 காசு விலையில் அது 15 வெள்ளி. சாலையோர வேக சார்ஜ் நிலையத்தில் யூனிட் 1 வெள்ளி 20 காசு என்று வைத்தாலும் 21 வெள்ளிக்கு மேல் வரும். அதாவது, வீட்டில் சார்ஜ் ஏற்றினால் பெட்ரோலில் பாதிச் செலவு. வெளியில் மட்டுமே ஏற்றினால் பெட்ரோலைவிட அதிகம்!

தினமும் போக வர 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள் வேலை என்றால் வீட்டு மின்சாரம் சுமார் 120 வெள்ளி. பெட்ரோல் என்றால் சுமார் 225 வெள்ளி. மிச்சம் நூறு வெள்ளி. ஒரு லட்சம் வெள்ளிக் கடனை ஒன்பது ஆண்டில் கட்டினால் மாதத் தவணை 1,100 வெள்ளியைத் தாண்டும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமோ 2025 முதல் 1,700 வெள்ளி. பெட்ரோல் மிச்சத்தில் தவணையைக் கட்டிவிடலாம் என்று பிள்ளை சொன்னால் இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பேட்டரிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். ஒன்பதாம் ஆண்டில் தவணை இருக்கும், உத்தரவாதம் இருக்காது.

சரி, வீட்டில் ஏற்ற முடியுமா? அந்த 60 கிலோமீட்டருக்கு வேண்டியது 11 யூனிட். சாதாரண மூன்று முனை பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் ஐந்து மணி நேரத்திற்குள் ஏறிவிடும். இரவு தூங்கும் நேரமே போதும். ஆனால் மின்கெண்டி அதே அளவு மின்சாரத்தை ஐந்து நிமிடந்தான் இழுக்கும். கார் ஐந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய லயத்து வீட்டின் மெல்லிய கம்பியும் தளர்ந்த பிளக்கும் சூடேறித் தீப்பிடிக்கலாம். நீட்டிப்புக் கம்பியைச் சன்னல் வழியாகத் தொங்கவிடுவது கூடவே கூடாது. உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து, காருக்கென்று தனிக் கம்பி இழுக்க வேண்டும். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சாதனம் என்றால் 30 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். அதை வீட்டின் மின்னிணைப்பு தாங்குமா என்றும் அவரே பார்த்துச் சொல்வார்.

வீடு தோட்டத்துக்குச் சொந்தமானால் சுவரில் துளை போடுமுன் நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா ஓய்வு பெறும்போது வீட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தால், அந்தத் தேதி கடன் முடியும் தேதிக்கு முன்னா பின்னா என்பதும் முக்கியம். கார் கூடவே வரும், சுவரில் பதித்த கம்பி வராது.

இறுதியாக, நம் செம்மண் பாதை. ஆட்டோ 3, இ.மாஸ் 7 இரண்டும் முன்சக்கரத்தால் மட்டுமே இழுக்கப்படுபவை. செம்பனைக் காட்டுச் சேற்றில் ஏறும் நாற்சக்கர வண்டிகள் அல்ல. பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருப்பதால் கல் தட்டினால் செலவு பெரிது. இத்தகைய கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரமும் கிடையாது. ஓட்டை அடைக்கும் மருந்துப் புட்டி மட்டுமே கொடுப்பார்கள். எனவே சோதனை ஓட்டத்தைக் கடையின் முன்னுள்ள தார்ச்சாலையோடு முடித்துவிடாமல், முடிந்தால் வீட்டார் ஐவரும் ஏறி, மழை பெய்த மறுநாள் தோட்டத்து மேட்டுப் பாதைக்கே கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.